சந்தா கட்டும் முன் டிசி புத்தகத்தைத் திறங்கள்

கேள்வி:

கோவை கணபதியில் நானும் என் அண்ணனும் கூட்டாக மெஷினிங் யூனிட் நடத்துகிறோம். 11 மெஷின், 34 ஆட்கள், போன வருட விற்பனை 7 கோடி. பவுண்டரியில் காஸ்டிங் (உலோக வார்ப்பு) வாங்கி வால்வு பாடியும் பம்பு பாகங்களும் கடைந்து கொடுக்கிறோம். ஹீட் ட்ரீட்மென்டும் பிளேட்டிங்கும் வெளியே. கணக்கு டாலியில், உற்பத்தி விவரம் எக்செல்லிலும் நோட்டிலும். ஏப்ரலில் ஸ்டாக் எடுத்தபோது 412 காஸ்டிங்குக்குக் கணக்கு கிடைக்கவில்லை. இன்ஜினீயரிங் முடித்து வந்திருக்கும் மகன், கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பி மென்பொருளைக் கிளவுடில் சந்தாவுக்கு எடுக்கலாம் என்கிறான். ஒரு கம்பெனி 12 பேருக்கு, ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று விலை கொடுத்திருக்கிறது. மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் 25 சதவீதம் தள்ளுபடி. "நம்ம கணக்கும் கஸ்டமர் டிராயிங்கும் யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல எதுக்குக் கிடக்கோணும்? ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி நம்ம சர்வர்ல வெச்சுக்கலாம்" என்கிறார் அண்ணன். 19 வருடமாக எங்கள் ஆபீசில் கணக்கு எழுதும் அம்மா இரண்டுமே வேண்டாம் என்கிறார். அடுத்த வருடம் பிரைவேட் லிமிடெட் ஆக்கும் யோசனையும் உண்டு. யார் சொல்வதைக் கேட்பது? ஆபீசில் இருக்கும் பழைய சர்வர் கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 12 பேர் சந்தாவும் இல்லை, 25 சதவீதத் தள்ளுபடியும் இல்லை. 412 காஸ்டிங். அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். ஒரு காஸ்டிங் சராசரி 380 ரூபாய் என்று வைத்தாலே 1,56,560 ரூபாய். நீங்கள் விசாரிக்கும் மென்பொருளின் ஒரு வருடச் சந்தா 2,16,000. மென்பொருள் வாங்குவதற்கான காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு எது தேவையோ அதை மட்டும் வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை.

அந்த 412 எங்கே போயிருக்கும்? உங்களைப் போன்ற யூனிட்டுகளில் இருபது வருடமாகக் கணக்கைத் துரத்தியவன் என்ற முறையில் மூன்று இடம் சொல்கிறேன். முதலாவது, பிளேட்டிங் கடையின் மூலை. 200 அனுப்பினால் 188 வரும், மீதி 12 "அடுத்த லோடில் வரும்" என்று வாய்ப்பேச்சாக நிற்கும். பொருளோடு போகும் டெலிவரி சலானில் (டிசி) அது ஏறாது. இரண்டாவது, உங்கள் ஸ்கிராப் டிரம். ரிஜெக்‌ஷன் என்று ஆபரேட்டர் தூக்கிப் போட்டது நோட்டுக்கு வரவே வராது. மூன்றாவது, செட்டிங் பீஸ். ஒவ்வொரு தடவை ஜாப் மாற்றும்போதும் மெஷினில் கொடுத்த அளவை (ஆஃப்செட்) சரிபார்க்க முதல் ஒன்றிரண்டு காஸ்டிங் வீணாகும். அதை யாரும் ரிஜெக்‌ஷன் என்று நினைப்பதே இல்லை. வாரத்துக்கு எத்தனை செட்டிங் மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் நீங்களே திடுக்கிடுவீர்கள்.

இந்த மூன்றில் முதலாவது, காசு போவதோடு நிற்காது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலைக்கு) வரி கட்டாமல் அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே முறைப்படி சப்ளை ஆகியிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை நீங்கள் விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வரியும் வட்டியும் உங்கள் தலையில். (ஜிக், ஃபிக்சர், டை போன்றவற்றுக்கு இந்தக் காலக்கெடு கிடையாது.) முந்தைய வருட விற்பனை 5 கோடியைத் தாண்டியதால் ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த பொருளைக் காட்டும் ஐடிசி-04 படிவத்தை நீங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கு அக்டோபர் 25, மிச்ச ஆறு மாதத்துக்கு ஏப்ரல் 25. அந்தப் படிவத்தை உங்கள் கணக்கு அம்மா இப்போது எதை வைத்து நிரப்புகிறார் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று டிசி புத்தகம், ஒரு எக்செல், பிளேட்டிங் கடைக்கு நாலு போன் என்றுதான் இருக்கும். அவர் "இரண்டுமே வேண்டாம்" என்று சொல்வதை மாற்றத்துக்குப் பயந்த பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த மென்பொருள் வந்தாலும் தப்பான எண் கடைசியில் தன் மேசைக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும்.

2016இல் அரசூர் பக்கம் ஒரு யூனிட்டில் ஈஆர்பியின் எல்லா மாட்யூலையும் ஒரே நேரத்தில் நான் இறக்கினேன். கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தித் திட்டம், தரம், ஜாப் ஒர்க், சம்பளம் எல்லாம். ஷிஃப்ட் முடிந்ததும் ஒரே ஒரு பையன் உட்கார்ந்து அன்றைய ஜாப் கார்டுகளை எல்லாம் ஏற்றுவான். எட்டாவது மாதம் ஸ்டாக் எடுத்தோம். ஒரு பாகம் கம்ப்யூட்டரில் 1,140, ரேக்கில் 870. அத்தனை திரைகள் இருந்தும் செட்டிங் பீஸ் என்று எழுத ஒரு கட்டம்கூட நான் வைக்கவில்லை. முதலாளி கோபப்படவில்லை. "எல்லாம் ஏத்தீட்டோமுங்க, பொருளை மட்டும் காணோமுங்க" என்றார். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. மென்பொருளை மாற்றியிருந்தாலும் அதே 270தான் காணாமல் போயிருக்கும். அன்றிலிருந்து ஒரு யூனிட்டுக்குள் போனால் முதலில் நான் தேடுவது, பொருள் கைமாறும் அந்த நிமிடத்தில் எழுத்து எங்கே நடக்கிறது என்பதைத்தான்.

விலைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் சண்டை அதில்தான் நடக்கிறது. ஜிஎஸ்டியை விட்டுவிடுகிறேன், அது கிரெடிட்டில் வந்துவிடும். சந்தா வருடம் 2.16 லட்சம். ஆண்டுதோறும் 10 சதவீதம் ஏற்றினால் ஐந்து வருடத்தில் 13.19 லட்சம். அண்ணன் வழியில், லைசென்ஸ் 6 லட்சம், சர்வரும் யூபிஎஸ்ஸும் 2.5 லட்சம், இரண்டாம் வருடத்திலிருந்து லைசென்ஸ் விலையில் 18 சதவீத ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு) நாலு வருடத்துக்கு 4.32 லட்சம், மாதம் 5,000 வாங்கிக்கொண்டு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 3 லட்சம் என்று வைத்தால் மொத்தம் 15.82 லட்சம். ஐந்து வருடம் வரை சந்தா மலிவு. ஆறாவது வருடம் கதை மாறும். சந்தா 3.48 லட்சத்தில் நிற்கும், அண்ணன் வழியில் 1.68 லட்சம்தான், ஆனால் சர்வர் மாற்றும் செலவு வாசலில் காத்திருக்கும். ஆக விலையை வைத்து யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வருடாந்தர ஏற்றம் 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால், அதே ஐந்து வருடம் 11.94 லட்சத்தில் முடிகிறது. அந்த ஒரு வரிக்காகப் பேரம் பேசுவது 25 சதவீதத் தள்ளுபடிக்காகப் பேசுவதைவிட நல்லது.

"ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்வது" என்ற வாய்ப்பே சுருங்கி வருவதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். ஆட்டோகேட் விற்கும் ஆட்டோடெஸ்க் 2016லேயே புதிய நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டது.

நம் சர்வர் நம் அறையில் இருந்தால் பத்திரம் என்ற அவருடைய நம்பிக்கைக்கு ஒரு சம்பவம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 அசெம்பிளி ஆலைகளும் நின்றன. காரணம் வைரஸ் இல்லை, திருட்டு இல்லை. பாகங்களுக்கான ஆர்டரைக் கையாளும் சர்வர்களில் இரண்டு நாளைக்கு முன் பராமரிப்பு வேலை நடந்தது. அப்போது டிஸ்க்கில் இடம் போதாமல் போய் சிஸ்டம் நின்றது. மாற்றுக்கு வைத்திருந்த சர்வரும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் கைகொடுக்கவில்லை. டொயோட்டாவுக்கே அப்படி என்றால், ஆபீஸ் மூலையில் ஏசி இல்லாமல், கடைசி பேக்கப் என்றைக்கு எடுத்தது என்று யாருக்கும் தெரியாமல் ஓடும் ஒரு பெட்டியை நம்பி 34 பேரின் வேலையை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதே சமயம் மகன் நினைப்பதுபோல "பெரிய கம்பெனி, அவங்க நிறுத்த மாட்டாங்க" என்பதும் சரியில்லை. குஜராத்தில் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்தது. சில நாளில் மைக்ரோசாஃப்ட், மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை அந்த நிறுவனத்துக்கு நிறுத்தியது. பணம் கட்டிய லைசென்ஸ்தான். நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, மாத முடிவுக்குள் சேவை திரும்பியது. உங்கள்மேல் யாரும் தடை விதிக்கப் போவதில்லை. ஆனால் வாடகைக்கு எடுத்த பொருளின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. விலை ஏற்றத்தாலோ, அந்தக் கம்பெனி வேறொருவருக்கு விற்கப்படுவதாலோ, வெறும் மனக்கசப்பாலோ ஒருநாள் நீங்கள் வெளியேற வேண்டி வரலாம்.

அப்படி வெளியேறும் நாளைப் பற்றித்தான் விற்க வருகிறவர் பேசமாட்டார். நீங்கள் பேசுங்கள். சந்தாவை நிறுத்தினாலும் சட்டம் உங்களை விடாது. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் ஆகிவிட்டால் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு காக்க வேண்டும். அதோடு, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் ஆடிட் டிரெயில் கட்டாயம். அதை அணைத்து வைக்கவும் கூடாது. கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் ஏற வேண்டும் என்ற விதியும் உண்டு. மூன்றாம் வருடம் வேறு மென்பொருளுக்கு மாறினால் பழைய மூன்று வருடத் தரவை எங்கே வைத்துக் காட்டுவீர்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் இது நடந்தது. சந்தாவை நிறுத்தியதும் "உங்கள் தரவு முழுவதும்" என்று ஒரு பிடிஎஃப் கட்டு வந்தது. ஆயிரக்கணக்கான பக்கம். அதில் எதையும் கூட்டவும் முடியாது, வடிகட்டவும் முடியாது. இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று மாதம் மறுபடி தட்டினார்கள்.

அதனால் பணம் கட்டும் முன்பே ஒரு சோதனை வையுங்கள். டெமோவில் ஒரு மாதத்து டிசி, ஸ்டாக் லெட்ஜர், ஐட்டம் பட்டியல், திருத்தப் பதிவு நாலையும் எக்செல்லில் திறக்கும் கோப்பாக உங்கள் மகனே இறக்கிக் காட்ட வேண்டும். அவர்கள் ஆள் கை வைக்கக் கூடாது. "சப்போர்ட்டுக்கு மெயில் போட்டால் அனுப்புவோம்" என்றால் அந்தக் கம்பெனி வேண்டாம். சந்தா முடிந்த பிறகும் குறைந்தது 90 நாள் தரவைப் பார்க்கவும் இறக்கவும் விட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

டிராயிங் பற்றிய அண்ணனின் கவலையை நான் மதிக்கிறேன். கஸ்டமருக்கு ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கிளவுடில் டிராயிங்கை ஏற்றவே வேண்டாம். டிராயிங் நம்பரும் ரிவிஷன் நம்பரும் போதும், டிசிக்கும் ஜாப் கார்டுக்கும் அதற்குமேல் தேவைப்படாது. கூடவே, அதே டிராயிங் இப்போது எத்தனை சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது, பிளேட்டிங் கடைக்காரர் போனில் எத்தனை இருக்கிறது என்றும் அண்ணன் ஒருநாள் பார்க்கட்டும். ஓட்டை அங்கேதான் பெரிது.

இன்டர்நெட் போய்விட்டால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். 5 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) கட்டாயம், நெட் இல்லாமல் நீங்கள் ஏற்கெனவே பில் போட முடியாது. ஃபைபர் ஒன்று, சிம் ரவுட்டர் ஒன்று, இரண்டுக்கும் சின்ன யூபிஎஸ். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று ஜெனரேட்டர் ஓடும், ரவுட்டர் மட்டும் செத்துக் கிடக்கும். இதை நான் பல இடத்தில் பார்த்துவிட்டேன். டிசியை ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையில் எண்ணிட விதி இடம் கொடுக்கிறது. அதனால் தனி வரிசையில் அச்சடித்த கையெழுத்து டிசி புத்தகம் ஒன்றை கேட்டில் வையுங்கள். நெட் வந்ததும் அன்றே ஏற்றிவிட வேண்டும்.

இனி நான் செய்யச் சொல்வது. ஆறு மாதம், மாதாமாதம் கட்டும் திட்டத்தில், ஸ்டோர்ஸும் ஜாப் ஒர்க் டிசியும் மட்டும். 12 பேர் வேண்டாம். ஸ்டோர்ஸ், கேட், இரண்டு ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள், கணக்கு அம்மா, மகன் என்று ஆறு பேர் போதும். செலவு மாதம் 9,000, ஆறு மாதத்துக்கு 54,000. மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி போக 4.86 லட்சம் இன்றே போய்விடும், மிச்சமாவது 1.62 லட்சம். நாலாவது மாதம் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அந்த மிச்சத்துக்கு அர்த்தமே இல்லை. ஆளைக் குறைக்கிறோம் என்று இரண்டு சூப்பர்வைசருக்கு ஒரே லாகின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 12 பீஸை ஸ்கிராப் என்று எழுதியது யார் என்ற கேள்விக்கு அப்புறம் விடையே வராது.

கணக்கு டாலியிலேயே இருக்கட்டும். அதில் கை வைக்க இப்போது எந்த அவசரமும் இல்லை.

முதல் மாதம் முழுக்க ஐட்டம் மாஸ்டருக்கே, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே பேர் வைக்கும் பட்டியலுக்கே போகும், போகட்டும். உங்கள் ஸ்டோர்ஸ் நோட்டில் ஒரே காஸ்டிங் "65 பாடி", "வா.பாடி 65", "65 எம்எம் வால்வு பாடி" என்று மூன்று பேரில் இருக்கும். பவுண்டரி பில்லில் நாலாவதாக ஒரு பேர் இருக்கும். இதை ஒழுங்கு செய்யாமல் கிளவுடில் ஏற்றினால் ஒரு காஸ்டிங் நாலு காஸ்டிங் ஆகிவிடும். இந்த வேலையை மகனிடம் தனியாகக் கொடுக்காதீர்கள், மென்பொருள் கம்பெனி ஆளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கணக்கு அம்மாவும் ஸ்டோர்ஸ் பார்ப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேர் வைக்கட்டும், மகன் தட்டச்சு செய்யட்டும். 19 வருட ஞாபகம் அந்த அம்மாவின் தலையில் இருக்கிறது. அது மாஸ்டருக்குள் இறங்குவதற்கு இந்த ஒரு மாதத்தைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. "இதை நீங்க வெச்ச பேர்லதான் நடத்தப் போறோம்" என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் மாதம் முதல் நாள், பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் கடை ஒவ்வொன்றிலும் உங்கள் பொருளை நேரில் போய் எண்ணுங்கள். அதுதான் ஆரம்ப ஸ்டாக். அன்றிலிருந்து பொருள் கேட்டைத் தாண்டும்போதே டிசி ஏற வேண்டும், திரும்பி வரும்போது அதே டிசி எண்ணுக்கு எதிராக வரவு. குறைந்து வந்தால் குறை அங்கேயே பதிவாகட்டும். ஸ்கிராப் டிரம் பக்கத்தில் ஒரு பழைய டேப்லெட்டை மாட்டி மூன்றே பட்டன்: காஸ்டிங் குறை, மெஷினிங் குறை, செட்டிங் பீஸ். முதலாவது எண்ணிக்கையை பவுண்டரியிடம் கேட்டு வாங்கலாம், அதற்காகவாவது பிரித்து எழுதுங்கள். செட்டிங் பீஸ் எழுதியதற்காக எந்த ஆபரேட்டரையும் திட்டக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு தடவை திட்டினால் அடுத்த நாளிலிருந்து அந்தப் பட்டனை யாரும் தொட மாட்டார்கள்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஸ்டோர்ஸ் நோட்டை நிறுத்துங்கள். நோட்டு இருக்கும்வரை எல்லோரும் நோட்டில்தான் எழுதுவார்கள், கம்ப்யூட்டருக்கு மிச்சம்தான் போகும்.

ஆறு மாதத்துக்குள் ஓர் ஐடிசி-04 கெடு கட்டாயம் வரும். அதை டிசி புத்தகத்தைத் திறக்காமல், போன் போடாமல், அந்த அம்மாவால் நிரப்ப முடிந்ததா? மறுபடி ஸ்டாக் எடுத்தால் வித்தியாசம் எத்தனை? இந்த இரண்டுக்கும் விடை நன்றாக இருந்தால் உற்பத்தி மாட்யூலையும் மிச்ச ஆறு பேரையும் சேருங்கள், அப்போது தள்ளுபடியும் கேளுங்கள். ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி தராமல் போக மாட்டார்கள்.

பழைய சர்வர் கம்ப்யூட்டரை விற்காதீர்கள். புது ஹார்ட் டிஸ்க் ஒன்று போட்டு அண்ணன் அறையில் வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளவுடிலிருந்து அந்த நாலு கோப்பையும் இறக்கி அதில் போடுவது மகனின் பொறுப்பு. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு டிசி எண்ணைச் சொல்லி, "இதை எடுத்துக் காட்டு" என்று அந்தக் கோப்பில் தேடச் சொல்வது அண்ணனின் பொறுப்பு.